22 மைல் கூடுதல் வேகம்: எந்த கோர்ட்டில் பேரம் பேசலாம், எங்கே வாயைத் திறக்க முடியாது

வேக டிக்கெட்டை வாங்கியவர்கள் முதலில் தேடுவது எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத்தான். நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர்ப் பகுதிகளில் தரும் டிக்கெட்டில் அந்தத் தொகை இருக்காது. உங்கள் பெயர், வண்டி எண், சட்டப் பிரிவு, ஓட்டிய வேகம், அனுமதித்த வேகம், கீழே ஒரு கோர்ட்டின் பெயரும் முகவரியும் இருக்கும். தொகையைக் காணாமல் சலித்துப்போய் தாளை மடித்துக் கையுறைப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். உண்மையில் படிக்க வேண்டிய வரி அந்த கோர்ட்டின் பெயர். நீங்கள் செய்த தவறு என்னவாகப் பதிவாகும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அதுதான்.

எனக்கு டிக்கெட் கிடைத்தது 2019 அக்டோபரில். நயாகரா பார்த்துவிட்டு நியூ ஜெர்சியில் இருக்கும் எடிசனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இலைகள் நிறம் மாறும் பருவம் என்பதால் 17ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கேட்ஸ்கில் மலைப்பக்கம் சுற்றி வந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா பின்னால் உட்கார்ந்து, "எங்கேயாவது ஓரமாக நிறுத்தடா" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தலாம் என்று நான் மிதித்தேன். 55 மைல் எல்லையில் 77. சாம்பல் நிற உடுப்பு, ஊதா டை, அகலத் தொப்பி சகிதம் மாநிலப் போலீஸ்காரர் ஜன்னலருகே வந்து நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். பத்து நிமிடத்தில் தாள் கைக்கு வந்துவிட்டது.

இந்த 22 மைல் கூடுதலை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். அதே வேகம், அதே ஓட்டுநர். அகப்பட்ட இடம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

பேரம் என்றதும் சாலையோரத்தில் போலீஸ்காரரிடம் பேசிப் பார்ப்பதை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதை அமெரிக்காவில் முயன்றால் டிக்கெட் பிரச்சினை போய்க் கைது பிரச்சினை வந்துவிடும். இங்கே பேரம் என்பது கோர்ட்டில், வெளிப்படையாக, அரசுத் தரப்பு வக்கீலோடு நடப்பது. சிறிய குற்றம் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். பதிலுக்குப் பெரிய குற்றச்சாட்டை அவர்கள் கைவிடுகிறார்கள். நீதிபதி சம்மதித்தால் முடிந்தது.

எதைக் குறைக்கப் பேரம் பேசுகிறோம் என்பதில்தான் நம்மவர்கள் பலர் தவறு செய்கிறார்கள். அபராதத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஓட்டுநர் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளிகளை மறந்துவிடுகிறார்கள். அவை சேர்ந்தால் உரிமமே பறிபோகலாம். நியூயார்க்கில் 21 முதல் 30 மைல் வரை கூடுதலாக ஓட்டினால் 6 புள்ளி. எனக்கு டிக்கெட் கிடைத்த காலத்துப் பட்டியல் இது. பட்டியலை மாநிலம் அவ்வப்போது திருத்துகிறது. உங்கள் டிக்கெட் தேதியில் எது நடப்பில் இருக்கிறது என்று மோட்டார் வாகனத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 22 மைலுக்கு அபராதம் 90 முதல் 300 டாலர். அதன் மேல் மாநிலத்தின் கட்டாயக் கூடுதல் கட்டணம், டவுன் கோர்ட்டுகளில் 93 டாலர். இவை இரண்டும் கோர்ட் ரசீதில் வரும். வராத மூன்றாவது ஒன்று உண்டு. 18 மாதத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால், ஆண்டுக்கு 100 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 300 டாலர், மோட்டார் வாகனத் துறையிடமிருந்து தனிக் கடிதமாக வரும். ஆறுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மொத்தம் 75 டாலர் கூடுதல். ஆக, வாயைத் திறக்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டால் உச்சமாக 693 டாலர். இன்சூரன்ஸ் கம்பெனி அதன் பங்குக்கு ஏற்றுவது வேறு கணக்கு.

டவுன் கோர்ட்டில் இந்தக் கணக்கு எப்படிச் சுருங்குகிறது என்பதை நேரிலேயே பார்த்தேன்.

நியூயார்க் மாநிலத்தில் டவுன், வில்லேஜ் கோர்ட்டுகள் ஏறத்தாழ 1,200 இருக்கின்றன. நீதிபதியை ஊர்க்காரர்களே நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. பகலில் வேறு வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். சட்டம் படிக்காத நீதிபதி சிறைத்தண்டனை தரலாமா என்ற கேள்வி கென்டக்கி மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வரை போனது. மறு விசாரணைக்குச் சட்டம் படித்த நீதிபதி இருக்கும்வரை தரலாம் என்று 1976இல் தீர்ப்பு வந்தது. எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. போய்ப் பார்த்த பிறகு பஞ்சாயத்து நினைவு வந்தது.

ஊர்ப் பெயர் வேண்டாம். மாலை ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டவுன் ஹால் என்பது ஒரு நீண்ட கூடம். ஒரு ஓரத்தில் கொடி, அதன் பக்கத்தில் நீதிபதியின் மேசை. எதிரே மடக்கு நாற்காலிகள். சுவரில் நாய்களுக்கு உரிமம் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு. சுமார் நாற்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்பது உடையிலேயே தெரிந்தது. நீதிபதி வருவதற்கு முன்பே பக்கத்து அறையில் கோப்புக் கட்டோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர்தான் அரசுத் தரப்பு வக்கீல். வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது அவர் தலையைத் தூக்காமல், "உங்கள் பதிவு சுத்தமாக இருக்கிறது. சாலையில் வண்டியை நிறுத்திய குற்றம் என்று மாற்றிக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார்.

நான் எங்கும் நிறுத்தவில்லையே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்கும் அதையேதான் சொன்னார் என்பது நினைவுக்கு வந்ததால் தலையாட்டினேன். 77 மைலில் பறந்த வண்டி, இரண்டு நிமிடத்தில் அசையாமல் நின்ற வண்டியாகிவிட்டது. அந்தப் பிரிவுக்குப் புள்ளி கிடையாது. அபராதம் உச்சமாக 150, கூடுதல் கட்டணம் 25. மொத்தம் 175 டாலர். 693 எங்கே, 175 எங்கே!

இவ்வளவு தாராளம் ஏன் என்று வக்கீல் நண்பர் ஒருவரிடம் பிறகு கேட்டேன். காசு போகும் வழியைப் பாருங்கள் என்றார். டவுன் கோர்ட்டில் வேகக் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. வண்டி நிறுத்திய குற்றம் போன்றவற்றின் அபராதம் அந்த ஊருக்கே தங்குகிறது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் முழு விசாரணை நடத்துவதென்றால் போலீஸ்காரர் வர வேண்டும், வக்கீலும் நீதிபதியும் நள்ளிரவுவரை உட்கார வேண்டும். பேரம் எல்லோருக்கும் வசதி. இதில் தயவு தாட்சண்யத்துக்கு இடம் குறைவு. நம் பணிவான முகத்தைப் பார்த்து மனம் இரங்கினார்கள் என்று நினைத்துக்கொள்வது வீண்.

ஆனால் எல்லா ஊரும் ஒன்றல்ல. அலுவலக நண்பர் ஒருவர் அடுத்த கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிட்டத்தட்ட இதே வேகத்துக்கு அகப்பட்டார். அங்கே நிறுத்தக் குற்றம் என்ற பேச்சே எடுபடவில்லை. 10 மைலுக்குள் கூடுதல் என்று இறக்கி, 3 புள்ளியும் அபராதமும் 93 டாலரும் கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில் போக்குவரத்துக் குறியீட்டை மதிக்காத குற்றமாக மாற்றி 2 புள்ளி தருவார்கள். இன்ன வேகத்துக்கு மேல் போனவர்களுக்கு எதுவும் இல்லை என்று கவுண்டி வக்கீலே கோடு போட்டுவைத்திருக்கும் இடங்களும் உண்டு. சில கவுண்டிகளில் கட்டணம் கட்டி, ஓட்டுநர் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் டிக்கெட்டையே தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் அதைவிட நல்ல வழி கிடையாது.

யாரிடம் பேச வேண்டும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். முன்பு டிக்கெட் கொடுத்த மாநிலப் போலீஸ்காரரே கோர்ட்டுக்கு வந்து பேரம் பேசுவார். 2006இல் அவர்களின் தலைமையகம் அதற்குத் தடை போட்டது. இப்போது கவுண்டி வக்கீல் அலுவலகமோ, அவர்கள் அதிகாரம் கொடுத்த டவுன் வக்கீலோ பேசுவார். பல ஊர்களில் இதற்கு ஒரு படிவமே வைத்திருக்கிறார்கள். குற்றத்தை மறுத்து டிக்கெட்டைத் தபாலில் அனுப்பி, படிவத்தோடு உங்கள் ஓட்டுநர் பதிவின் நகலையும் வைத்தால், பதில் வீடு தேடி வரும். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி டவுன் ஹாலுக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு டிசம்பர் மாலையில் பனியில் ஓட்டியிருக்க மாட்டேன். கோர்ட் எழுத்தருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். இவர்கள் வாரத்தில் சில மணி நேரம்தான் அலுவலகத்தில் இருப்பார்கள், அதனால் இரண்டு மூன்று முறை முயல வேண்டும்.

டவுன் கோர்ட்டில் இன்னொரு கருவி உண்டு. போலீஸ்காரர் தான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. காலக்கெடுவுக்குள் கேட்டு, அவர்கள் 30 நாளில் தராவிட்டால் டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யக் கோரலாம். ஒரு காலத்தில் இது பெரிய பிடி. இப்போது கணினியில் அச்சிடும் டிக்கெட்டோடு சேர்த்தே வாக்குமூலத்தையும் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் கூர் மழுங்கிவிட்டது. டிக்கெட்டின் அடித்தாள்களைப் பிரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் கேளுங்கள்.

நியூயார்க் நகர எல்லைக்குள் நுழைந்தால் இத்தனையும் செல்லாது. மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் ஐந்திலும் வேக டிக்கெட் போவது போக்குவரத்து மீறல் பணியகத்துக்கு. 1970இல் தொடங்கிய இது நீதிமன்றம் அல்ல, மோட்டார் வாகனத் துறையின் ஒரு கிளை. தீர்ப்புச் சொல்பவர் துறையின் நிர்வாக நீதிபதி. அரசுத் தரப்பு வக்கீல் என்று ஒருவர் அங்கே கிடையாது. அப்புறம் பேரம் யாரோடு பேசுவது? பெல்ட் பார்க்வேயின் 50 மைல் எல்லையில் 72இல் போனீர்கள் என்றால், ஒன்று 22 மைல் கூடுதல், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. 6 புள்ளி, 90 முதல் 300 வரை அபராதம், 88 டாலர் கூடுதல் கட்டணம், பின்னாலேயே அந்த 300 டாலர் கடிதம்.

நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு. டவுன் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பணியகத்தில் தெளிவான, நம்பத்தக்க சான்று இருந்தால் போதும். வாக்குமூலத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கும் உரிமையும் இல்லை. ஆகவே அங்கே இருப்பது இரண்டே வழி: ஒப்புக்கொண்டு கட்டுவது, மறுத்து விசாரணை கேட்பது. 6 புள்ளி டிக்கெட்டை அப்படியே கட்டுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கட்டினால் 6 புள்ளி நிச்சயம். விசாரணைக்குப் போய்த் தோற்றாலும் அதே 6 புள்ளிதான். போகாதவருக்கு வெல்லும் வாய்ப்பே இல்லை. போலீஸ்காரர் வராமல் போகலாம். வந்தாலும் வேகத்தை எந்தக் கருவியால் அளந்தார், அதைச் சோதித்தாரா, எந்த இடத்தில் நின்றார் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியாமல் தடுமாறலாம்.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். "எல்லோரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்." மனைவி வழி உறவினர் ஒருவர் குயின்ஸில் இதைத்தான் சொன்னார். நீதிபதி அவரை நிமிர்ந்து பார்த்து, "நன்றி" என்று சொல்லிவிட்டுத் தீர்ப்பை எழுதினார். அது வாதம் அல்ல, ஒப்புதல். மேல்முறையீட்டுக்கு 10 டாலர் கட்டணம் உண்டு. ஆனால் விசாரணையில் நீங்களே சொன்னதை அங்கே யாரும் அழித்துத் தர மாட்டார்கள்.

தோற்றவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: மாநிலம் அங்கீகரித்த ஓட்டுநர் வகுப்பை முடித்தால், உரிமம் பறிபோகும் கணக்கில் 4 புள்ளி வரை கழித்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸில் மூன்று ஆண்டுகளுக்கு 10 சதவீதம் குறையும். அந்த 300 டாலர் கடிதத்தை மட்டும் இந்த வகுப்பால் தடுக்க முடியாது. கேமரா பிடித்து வண்டி உரிமையாளருக்கு வரும் 50 டாலர் சீட்டு வேறு ஜாதி. அதற்குப் புள்ளியே இல்லை, கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

லாங் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வேயில் குயின்ஸ் பக்கம் அகப்பட்டால் பேரம் கிடையாது. இன்னும் சில நிமிடம் ஓட்டி நாசோ கவுண்டிக்குள் அகப்பட்டால் உண்டு. அதே சாலை, அதே வரிசையில் ஓடும் அதே கார்! நாசோவுக்குச் சொந்தமாகப் போக்குவரத்து முகமை இருக்கிறது. அங்கே வக்கீல் உட்கார்ந்து பேசுவார். சபோக் கவுண்டியின் மேற்குப் பகுதி முன்பு மாநிலப் பணியகத்தின் கையில் இருந்தது. 2013இல் கவுண்டி தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பஃபலோ நகரம் 2015இல் அதையே செய்தது. ஓட்டுநர்கள் மேல் எழுந்த பாசத்தில் எடுக்கவில்லை, வருமானத்துக்காக எடுத்தார்கள். அதனால் இந்த முகமைகளில் புள்ளியை இறக்குவார்கள், கூடவே கவுண்டிக் கட்டணங்களைச் சேர்ப்பார்கள். சம்மதம் சொல்வதற்கு முன், "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள்.

நியூ ஜெர்சியில் வேறு முறை. ஒவ்வொரு ஊராட்சியின் முனிசிபல் கோர்ட்டிலும் வக்கீல் இருப்பார். பேரத்துக்கென்றே வார்த்ததுபோல ஒரு சட்டப் பிரிவும் இருக்கிறது. 2000இல் வந்த "பாதுகாப்பற்ற ஓட்டுதல்" பிரிவு அது. 22 மைல் கூடுதலுக்கு நியூ ஜெர்சியில் 4 புள்ளி. அதை இந்தப் பிரிவுக்கு மாற்றினால் புள்ளி பூஜ்யம். முதல் முறை அபராதம் 50 முதல் 150 டாலர், அதோடு 250 டாலர் கூடுதல் கட்டணம், பிறகு கோர்ட் செலவு. எப்படிக் கூட்டினாலும் 300க்குக் குறையாது. புள்ளியை விலைக்கு விற்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொல்லலாம். இந்தச் சலுகை இரண்டு முறைக்குத்தான். மூன்றாவது முறை 4 புள்ளி ஏறும். கடைசி முறைக்குப் பிறகு ஐந்து ஆண்டு கழிந்திருந்தால் தப்பலாம்.

அதனால் இதைக் கண்ட டிக்கெட்டுக்கும் செலவழிக்கக் கூடாது. 15 மைலுக்குள் கூடுதல் என்றால் நியூ ஜெர்சியில் 2 புள்ளிதான். ஓர் ஆண்டு மீறல் இல்லாமல் ஓட்டினால் 3 புள்ளி கழிந்துவிடும். பதிவு சுத்தமாக இருப்பவர் அந்த 2 புள்ளிக்காக 250 டாலர் கூடுதலாகக் கொடுத்து, இரண்டு வாய்ப்புகளில் ஒன்றையும் இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 4, 5 புள்ளி டிக்கெட்டுக்கு அதை வைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் 150 டாலரும், மேலே ஒவ்வொரு புள்ளிக்கும் 25 டாலரும் மாநிலம் கேட்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இணையத்தில் அட்டையைத் தேய்த்துக் கட்டிவிட்டு, பிறகு பேரம் பேசலாமா என்று கேட்கிறார்கள். கட்டியதே குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான். கதவு மூடியாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தில் நிதானிக்க வேண்டும். எடிசன் பக்கத்துத் தமிழர்கள் பெரும்பாலோருக்கு உரிமம் நியூ ஜெர்சியில், ஊர் சுற்றல் நியூயார்க்கில். வெளிமாநிலத்தில் வாங்கிய ஓட்டுதல் குற்றத்துக்கு, அங்கே எத்தனை புள்ளி இருந்தாலும், நியூ ஜெர்சி 2 புள்ளிதான் போடும். "அப்படியானால் நியூயார்க் டிக்கெட்டைக் கட்டிவிட்டுப் போகலாமே அண்ணா" என்று தம்பி ஒருவன் கேட்டான். போகலாம், ஆனால் அந்த 300 டாலர் கடிதம் வெளிமாநில உரிமக்காரர்களையும் விடாது. கட்டாவிட்டால் நியூயார்க்கில் வண்டி ஓட்டும் உரிமையை நிறுத்திவைப்பார்கள். ஆகவே நியூ ஜெர்சி உரிமக்காரர் நியூயார்க் டவுன் கோர்ட்டில் பேரம் பேசும்போது குறி 6 புள்ளிக்குக் கீழே வருவது. நிறுத்தக் குற்றமாக மாறினால் அந்த 2 புள்ளியும் வராது என்பது மேல் லாபம்.

திருப்பிப் பாருங்கள். நியூயார்க் உரிமம் உள்ளவர் நியூ ஜெர்சியில் அகப்பட்டால், நியூயார்க் அந்த மீறலுக்குப் புள்ளி போடாது. கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்கள் இரண்டு மட்டும் விதிவிலக்கு. நயாகராவின் மறுகரையில் மிதிப்பவர்கள் கவனிக்கவும். இந்த நிலையில் நியூயார்க்காரர் புள்ளிக்குப் பயந்து 250 டாலர் கூடுதல் கட்டணத்தை ஏன் ஏற்க வேண்டும்? கோர்ட்டில் வக்கீல் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் நீட்டுவார். உங்களுக்கு அது தேவையா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அதே 22 மைலோடு தெற்கே வர்ஜீனியாவுக்குப் போனால் வயிற்றைக் கலக்கும். எல்லையைவிட 20 மைலோ அதற்கு மேலோ போனாலும், எல்லை எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலும், அங்கே அது பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற கிரிமினல் குற்றம். 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் வண்டி நிறுத்தியதாக மாறும் அதே வேகம் இங்கே போலீஸ் பதிவில் நிற்கும். விசா, கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்கள் இதைத் தபாலில் முடிக்க நினைக்கக் கூடாது. உள்ளூர் வக்கீலை வைத்தே ஆக வேண்டும். நீதிபதி இதை முறையற்ற ஓட்டுதல் என்ற சாதாரண மீறலாக இறக்க முடியும், பேரத்தின் இலக்கு அதுதான். ஓட்டுநர் வகுப்பை முன்கூட்டியே முடித்த சான்றிதழும், வண்டியின் வேகமானியைச் சோதித்த சீட்டும் கொண்டுபோவது அங்கே வழக்கம். வாஷிங்டன் சுற்றிப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் 95ஆம் நெடுஞ்சாலையில் எல்லோரும் பறக்கிறோம். அங்கே என் கால் தானாகவே தளர்ந்துவிடுகிறது.

டெக்சாஸ் பற்றி டல்லாஸ் நண்பர்கள் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. அங்கே புள்ளிமுறை 2019 செப்டம்பரோடு ஒழிந்தது. முனிசிபல் கோர்ட்டிலும், 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' என்ற சிறு வழக்கு நீதிபதியின் கோர்ட்டிலும் பேரத்தைவிட மெனு என்று சொல்வதே பொருத்தம். 25 மைலுக்குக் குறைவாகக் கூடுதல் என்றால், 12 மாதத்துக்கு ஒரு முறை ஓட்டுநர் வகுப்பு முடித்து டிக்கெட்டைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். நம் 22 அதற்குள் வருகிறது. ஆஜராகும் தேதிக்குள் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த வருட வகுப்பை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டால், 180 நாள் வரை கண்காணிப்பில் வைத்து, புது மீறல் இல்லாவிட்டால் தள்ளுபடி செய்யும் வழியை நீதிபதியிடம் கேட்கலாம். அதைத் தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

வணிக வாகன உரிமம் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை மறந்துவிட வேண்டும். அவர்களின் மீறலை மறைக்கும்படி குற்றச்சாட்டை ஒத்திவைப்பதையோ பூசி மெழுகுவதையோ மத்திய அரசின் விதி தடுக்கிறது. சொந்தக் காரில் குடும்பத்தோடு போகும்போது அகப்பட்டாலும் அதே விதிதான். அவர்கள் முதல் நாளே வக்கீலைப் பிடிப்பது நல்லது.

மற்றவர்களுக்கு வக்கீல் வேண்டுமா? டவுன் கோர்ட் வீட்டிலிருந்து தொலைவில் இருந்து, 6 அல்லது அதற்கு மேல் புள்ளி நிற்கிறது என்றால் வைக்கலாம். அந்த கோர்ட்டில் வாரந்தோறும் நிற்பவருக்கு அங்கே எதைக் கேட்டால் கிடைக்கும் என்று தெரியும். நீங்கள் லீவு போட்டுப் போகவும் வேண்டாம். 3, 4 புள்ளிக்கு நானாகவே படிவம் அனுப்பிப் பார்ப்பேன். நகரப் பணியகத்தில் நிறையப் பேசத் தெரிந்த வக்கீலைவிட, போலீஸ்காரரைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் வேண்டும். எங்கே முடிந்தாலும் வழக்கு தீர்ந்ததற்கான தாளைக் கோர்ட்டிலிருந்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டு கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்த டவுன் ஹாலைத் தேடி யாரும் அலைய முடியாது.

எனக்குக் கொடுத்த தாளை அன்றிரவு சமையலறை மேடையில் வைத்திருந்தேன். காலையில் காபி குடித்துக்கொண்டே அப்பா அதை எடுத்துப் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"சாலையில் வண்டியை நிறுத்தியதற்கு 175 டாலரா?" என்றார். "நிறுத்து நிறுத்து என்று நான் கேட்டபோது நீ எங்கேயடா நிறுத்தினாய்? அந்தப் போலீஸ்காரர் அல்லவா நிறுத்தினார்!"